வீட்டுக்கு ஓராள்

1-2-43, திங்கள்

காலையில் நல்ல பனி. தருமபுரியிலிருந்து கரிவாயு பஸ், பெட்ரோல்தான் யுத்தத்துக்குப் போகிறதே. ஏற்றத்தில் மூச்சு வாங்கி நின்றுவிட்டது, டிக்கெட் வாங்கிய பாவத்துக்கு எல்லாரும் இறங்கித் தள்ளினோம். கம்பைநல்லூரிலிருந்து மாட்டு வண்டி. பகல் உணவுக்கு முன் வேலையில் சேர்ந்தாயிற்று.

ஜில்லா போர்டு ஆரம்பப் பள்ளி. ஒரே கூடம், ஐந்து வகுப்பு. ஆள் இரண்டு: தலைமை ஆசிரியை ரத்தினம்மாள் (இனி த.ஆ.), அப்புறம் நான். எனக்கு முன் இருந்தவர் பெங்களூரில் மிலிட்டரி கணக்காபீசுக்குப் போய்விட்டார். கொடுத்து வைத்தவர். தீபாவளியிலிருந்து இந்த அம்மாள் ஒத்தை ஆளாக ஓட்டியிருக்கிறார்.

கூடத்துக்குள் நுழைந்ததும் நெற்றியில் ஏதோ மெத்தென்று மோதியது. தூளி! உள்ளே கைக்குழந்தை. விட்டத்தில் வரிசையாகத் தூளிகள். கீழே உட்கார்ந்திருக்கும் பெண் பிள்ளைகள் வாயால் வாய்ப்பாடு, காலால் தூளி.

"குனிஞ்சு வாங்க சார். பொட்டப் புள்ளைங்க தம்பி பாப்பாவத் தூக்கிக்கிட்டுத்தான் வர முடியும். பாப்பாவுக்கு எடமில்லன்னா அதுங்களுக்கும் எடமில்ல. அதான் கட்டிட்டேன்" என்றார் த.ஆ.

நாற்பது வயதிருக்கும். கல்யாணம் செய்துகொள்ளவில்லையாம். சேலத்துப் பக்கம். குரல் ஊருக்கே கேட்கும்.

கமலாவுக்கு எட்டாம் மாதம், தலைச்சன். தருமபுரியில் அவள் அம்மா வீட்டில் இருக்கிறாள். நான் இங்கே. நல்ல நேரம் பார்த்துத் தூக்கிப் போட்டார்கள். திரும்ப மாற்றல் கேட்டு இன்றைக்கே மனு எழுதித் தபாலில் சேர்த்துவிட்டேன்.

வேண்டியவை: ம.எண்ணெய் (கிடைத்தால்), பிளேடு, மூட்டைப்பூச்சிக்கு ஏதாவது மருந்து.

3-2-43, புதன்

பனி. தும்மல். களி மூன்று வேளையும். ஊருக்கு வந்த மூன்றாம் நாளே தொண்டை களிக்குப் பழகிவிட்டது. மனசு பழகவில்லை.

த.ஆ. வேலை செய்கிற விதத்தை இன்று நின்று பார்த்தேன். ஐந்து வகுப்பும் ஒன்றுக்கொன்று முதுகு காட்டி உட்காருகின்றன. எந்த வகுப்பும் இன்னொரு வகுப்பின் முகத்தைப் பார்க்க முடியாது. நடுவில் இவர் நிற்கிறார். எந்த நேரத்திலும் கூடத்தில் சத்தம் போடும் பாடம் ஒன்றுதான். மூன்றாம் வகுப்பு உரக்கப் படிக்கும்போது ஒன்றும் இரண்டும் மணலில் எழுதும், நான்கும் ஐந்தும் பலகையில் கணக்குப் போடும். கை தட்டினால் சத்தம் இடம் மாறும். மூன்று மாதம் இப்படி ஒற்றை ஆளாக!

டிரெயினிங் ஸ்கூலில் இரண்டு வருஷம் எனக்கு என்னதான் சொல்லிக்கொடுத்தார்கள்?

மத்தியானம் பள்ளிக்கூடத்துப் பின்னால் கேழ்வரகுக் கூழ். மாவு கொடுப்பது இன்ன வீடு என்றில்லை. யார் வீட்டில் இருக்கிறதோ அவர்கள் ஒரு படி. சாப்பிட்டதும் சொறி பிடித்த பிள்ளைகளை வரிசையில் நிறுத்திப் புங்க எண்ணெயும் மஞ்சளும் பூசினார். முகம் சுளிக்கவில்லை. நான் ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டேன். "சார், அந்தக் கிண்ணத்தை எடுங்க" என்றார். எடுத்தேன். பிறகு நானும் இரண்டு முதுகுக்குப் பூசினேன்.

எனக்கு மூன்று, நான்கு, ஐந்து. அவருக்கு ஒன்றும் இரண்டும். கணக்குப் பார்த்தால் எனக்குத்தான் அதிகம் என்று நினைத்தேன். முதல் வகுப்பைக் கால் மணி நேரம் வைத்துப் பார்த்தபின் அந்த நினைப்பைத் திரும்பப் பெற்றுக்கொண்டேன்.

5-2-43, வெள்ளி

வெயில் ஏற ஆரம்பித்துவிட்டது. புளி உலுக்கும் காலம். பிள்ளைகள் கையெல்லாம் பிசுபிசு, புத்தகத்தின் பக்கங்கள் ஒட்டிக்கொள்கின்றன.

மூன்றாம் வகுப்பில் முனியன் என்று ஒருவன். திங்களன்று ஏழாம் வாய்ப்பாட்டைக் கண்ணை மூடிக்கொண்டு சொன்னான். புதனன்று அதே வாய்ப்பாட்டைக் கேட்டால் திருதிருவென்று விழித்தான். ஆளும் சற்றுக் குள்ளமாகத் தெரிந்தான். புது இடம், எனக்குத்தான் முகம் பிடிபடவில்லை என்று விட்டுவிட்டேன்.

இன்று பேர் கூப்பிட்டேன்.

"முனியன்?"

"உள்ளேனுங்க."

பார்த்தால் இரட்டைச் சடை. பெண் பிள்ளை!

எனக்கு வந்ததே கோபம். "வாத்தியாரைக் கிண்டலா பண்றே? முனியன் எங்கே?"

"அண்ணன் ஆட்டுக்குப் போயிட்டானுங்க. நேத்து சின்னண்ணன் வந்தானுங்க. இன்னிக்கி மொறை என்னுதுங்க."

"உன் பேர் என்ன?"

"பொன்னிங்க. இங்க வந்தா முனியனுங்க."

கூடத்தில் ஒருவரும் சிரிக்கவில்லை. அதுதான் என்னைத் திகைக்க வைத்தது. பிள்ளைகளெல்லாம் என்னை அல்லவா ஒன்றும் தெரியாதவனாகப் பார்த்தார்கள்.

மாலையில் த.ஆ.விடம் கேட்டேன். விழுந்து விழுந்து சிரித்தார். அப்புறம் சொன்னார். இந்த ஊரில் ஏரி தூர் வாருவது, வாய்க்கால் வெட்டுவது, கோயில் வேலை, எல்லாம் வீட்டுக்கு ஓராள். யார் கை ஓய்வோ அவர் வருவார். இன்றைக்கு அப்பன், நாளைக்கு மகன். வீட்டுக் கணக்கில் ஓராள் நின்றால் சரி. சில வருஷத்துக்கு முன் அப்போதிருந்த தலைமை ஆசிரியர் பிள்ளைகள் சேரவில்லை என்று தமுக்கடிக்கச் சொல்லியிருக்கிறார்: "பள்ளிக்கூடத்துக்கு வூட்டுக்கு ஒரு பிள்ளை அனுப்பணும்!" ஊர் அப்படியே எடுத்துக்கொண்டது. அன்று முதல் எந்தப் பிள்ளைக்கு ஆடு இல்லையோ, களை இல்லையோ, புளி இல்லையோ, அது வரும். பதிவில் இருக்கும் பேருக்கு "உள்ளேன்" சொல்லும்.

"உங்களுக்கு எப்போ தெரியும்?"

"வந்த மொத வாரமே சார். அதனாலதான் எந்தப் பாடத்தையும் நான் ஒரு நாளோட விடறதில்ல. இன்னிக்கி பெரியவனுக்கு, நாளைக்கி அதே பாடம் சின்னவனுக்கு, அதுக்கு மறுநாள் தங்கச்சிக்கு. நீங்க புதுசு, புதுப் பாடத்துக்குத் தாவிட்டீங்க."

இதுக்கு என்ன பேர் வைப்பது? ஒரு சம்பளத்துக்கு மூன்று பள்ளிக்கூடம் நடத்தியிருக்கிறார். அதிலும் ஒத்தை ஆளாக. ஒருவரிடமும் சொல்லவில்லை.

9-2-43, செவ்வாய்

தலைவலி. கமலாவிடமிருந்து கார்டு. கால் வீக்கமாம், பயப்பட ஒன்றுமில்லையாம். பயப்பட ஒன்றுமில்லை என்று எழுதினாலே பயம்தான் வருகிறது.

இன்ஸ்பெக்டர் ஆபீசிலிருந்து தாக்கீது. அடுத்த வாரம் பார்வையிட வருகிறார். சராசரி வருகை ஐம்பதைத் தொடாத பள்ளிக்கு இரண்டாவது ஆசிரியர் கிடையாது. நமக்கு நாற்பதுக்குக் கொஞ்சம் மேல்.

ஆக, இரண்டாவது இடம் போகிறது. இரண்டாவது இடம் என்றால் நான். இங்கே இடம் இல்லையென்றால் என்னைத் தருமபுரிக்குத்தான் திருப்பி அனுப்ப வேண்டும். மனு ஒன்றும் தேவையில்லை, தானாக நடக்கும். உள்ளுக்குள் ஒரு துள்ளல். எழுதுவதற்கு என்ன, என் நோட்டுதானே. துள்ளல்தான்.

த.ஆ. தாக்கீதை இரண்டு தடவை படித்தார். அப்புறம் சொன்னார்: "ஓராளுன்னா மூணாம் வகுப்போட நிறுத்திடுவாங்க சார். நாலும் அஞ்சும் போயிடும். மூணாவதோட நின்ன பிள்ளை ரெண்டே வருஷத்துல கையெழுத்தக்கூட மறந்துடும். நான் இங்க செஞ்சதெல்லாம் காத்தாப் போயிடும்."

துள்ளல் அடங்கிவிட்டது. போகவில்லை, அடங்கிவிட்டது.

10-2-43, புதன்

நான் சொன்னேன்: "எல்லாப் பிள்ளைகள் பேரையும் எழுதிவிட வேண்டியதுதானே? ஐம்பது என்ன, நூறே வருமே."

"வூட்ல ஒத்துக்கணுமே. வாங்க, வந்து நீங்களே கேளுங்க."

பொன்னியின் அப்பன் மாரப்பன் வீட்டுக்குப் போனோம். முற்றத்தில் புளியங்கொட்டை மலையாய்க் குவிந்து கிடந்தது. நல்ல மனுஷன். மோர் கொடுத்தார். விஷயத்தைச் சொன்னதும் தலையை ஆட்டிவிட்டார்.

"அதெப்படிங்க டீச்சரம்மா நாயமாவும்? எதிர்வூட்டுக்காரன் ஒண்ணு அனுப்புவான், நான் மூணு அனுப்புறதா? அவன் பங்கையும் நான் செய்யறதா? ஊர் சிரிக்காதா?"

"படிப்பு உன் பிள்ளைக்குத்தானே மாரப்பா?"

"ஏரித் தண்ணிகூட என் வயலுக்குந்தான் வருது. அதுக்குன்னு நான் மட்டும் மூணாளு அனுப்புறேனுங்களா?"

அந்த ஆளுக்குப் பதில் சொல்லச் சட்டப் படிப்பு வேண்டும். எதிர் வீட்டிலும் இதே பேச்சு: "மாரப்பன் மூணு அனுப்பட்டும், அப்புறம் பாக்கலாமுங்க." அதற்கடுத்த தெலுங்குக்கார வீட்டில் தெலுங்கில் இதே பேச்சு. த.ஆ. அவர்களுக்குத் தெலுங்கிலேயே பதில் சொன்னார். இது எப்போது கற்றுக்கொண்டது? முதல் வகுப்புப் பிள்ளைகளிடமிருந்தாம்.

திரும்பும்போது எனக்கு எரிச்சல். "இவங்களைத் திருத்த முடியாதும்மா."

"அவங்க கோணலாப் பேசல சார். ஊர் நாயத்தைத்தான் பேசறாங்க. அந்த நாயத்துலயே ஒரு வழி இருக்கும். தேடணும்."

14-2-43, ஞாயிறு

கை இரண்டிலும் கொப்புளம். பேனா பிடிக்க முடியவில்லை. சுருக்கமாக:

விடியற்காலையில் கதவைத் தட்டினார் த.ஆ. "கெளம்புங்க சார், ஏரி வேலை."

"எனக்கென்னம்மா ஏரி?"

"இந்த ஊர்ல உலை வைக்கறீங்கல்ல? வூட்டுக்கு ஓராள். உங்க வூட்டுக்கு நீங்க, என் வூட்டுக்கு நான்."

ஏரி வற்றிக் கிடக்கிறது. கூடையில் வண்டல் அள்ளிக் கரையில் கொட்ட வேண்டும். இந்த அம்மாள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு கூடை சுமக்கிறார், வருஷா வருஷம் வருகிறாராம். ஊர்ப் பெண்களோடு என்ன பேச்சு, என்ன சிரிப்பு! நான் நாலாவது கூடையில் உட்கார்ந்துவிட்டேன். "வாத்தியாருக்கு மை தொட்ட கை, மண்ணு ஒட்டாது" என்று ஒரு கிழவர். போகட்டும்.

கஞ்சி குடிக்க எல்லாரும் வேப்ப மர நிழலில் கூடினபோது த.ஆ. எழுந்தார். மண் அப்பிய புடவையோடு.

"ஒரு நாயம் கேக்கறேன், சொல்லுங்க. தூர் வார வூட்டுக்கு ஓராளு. சரி. மழைக்காலத்துல கரை ஒடைஞ்சா எத்தனை ஆளு?"

"அப்போ ஏதுங்க கணக்கு? இருக்கிற அத்தனை பேரும் ஓடணும்" என்றார் மாரப்பன்.

"எதிர்வூட்டுக்காரன் ஒருத்தன் வந்தா, நீ மூணு பேரு வந்தேன்னு யாராச்சும் சிரிப்பாங்களா?"

"வராதவனத்தான் சிரிப்பாங்க."

"அப்ப கேட்டுக்குங்க. பள்ளிக்கூடத்துக் கரை ஒடையுது. புதன்கிழமை இன்ஸ்பெக்டர் வராரு. ஆளு பத்தலன்னா ரெண்டாவது வாத்தியார எடுத்துடுவாங்க, நாலாவது அஞ்சாவது கிடையாது. ஒடைஞ்ச பொறவு கட்ட முடியாது."

மாரப்பன் கஞ்சிக் கலயத்தைக் கீழே வைத்தார்.

"இத மொதல்லயே சொல்றதுக்கென்னங்க? ஒடைப்புன்னா வந்துட்டுப் போறோம்."

அடேயப்பா! தேடுகிறேன் என்றார், தேடிவிட்டார். நாலு நாளாக இதைத்தான் மனசில் உருட்டிக்கொண்டிருந்திருக்கிறார். பிள்ளைகளில் பாதிப் பேர் காலையில், பாதிப் பேர் மத்தியானம் வந்தால் போதும், ஆடும் பட்டினி கிடக்காது என்றும் அங்கேயே பேசி முடித்தார்.

அவர்கள் வந்தால் நான் தருமபுரி போக முடியாது. வண்டலைச் சுமந்தவனும் நான்தான். நல்ல வேடிக்கை.

17-2-43, புதன்

எழுதியே ஆக வேண்டும். சிரிப்பதா, நடுங்குவதா?

காலையில் பள்ளிக்கூடம் திறக்கப் போனால் ஊரே வந்திருக்கிறது. பிள்ளைகள் மட்டுமல்ல. ஊரே! ஒடைப்பு என்றால் இருக்கிற அத்தனை பேரும் என்று அவர்களே சொன்னார்களே. ஆண்கள் மண்வெட்டியோடு. பெண்கள் கூடையோடு. மாரப்பன் மூன்றாம் வகுப்பு வரிசையில் சம்மணம் போட்டு, பொன்னிக்குப் பக்கத்தில். ஆடுகள்கூட வேலியோரம். வீட்டில் பார்த்துக்கொள்ள ஆளில்லையாம். த.ஆ. தலையில் கை வைத்துக்கொண்டார். அவர் சமாளித்துக்கொள்வதற்குள் வாசலில் இன்ஸ்பெக்டர் வண்டி.

இன்ஸ்பெக்டர் உயரமானவர். தூளியில் மோதிக்கொண்டார். குழந்தை வீறிட்டது.

"என்ன இது? பள்ளிக்கூடமா, சந்தையா?"

மாரப்பன் எழுந்து மண்வெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு, பெருமையாக: "கரை ஒடையுதுன்னு டீச்சரம்மா சொன்னாங்க சாமி. வூட்ல ஒருத்தர் மிச்சமில்லாம வந்துட்டமுங்க!"

இன்ஸ்பெக்டர் முகம் கறுத்துவிட்டது. "புரிகிறது. ஆள் பிடித்துக் கணக்குக் காட்டுகிறீர்கள். வேறு ஊர்களிலும் இந்த வித்தையைப் பார்த்திருக்கிறேன். அங்கே பக்கத்து ஊர்ப் பிள்ளைகளைத்தான் கொண்டுவந்தார்கள். நீங்கள் தாத்தாக்களையே கொண்டுவந்துவிட்டீர்கள். இதற்கு உங்கள் வேலையே போகும், தெரியுமா?"

த.ஆ. அசரவில்லை. பெரியவர்களை வெளியே போகச் சொன்னார், போனார்கள். பிள்ளைகளைப் பழையபடி முதுகுக்கு முதுகு உட்காரச் சொன்னார், உட்கார்ந்தார்கள். கூடம் கொள்ளவில்லை, வாசல் வரைக்கும் வரிசை.

"ஐயா, பதிவுல பேரு இருக்கிற பிள்ளைங்களக் கேக்காதீங்க. பேரு இல்லாத பிள்ளைங்களக் கேளுங்க. இதுங்க வாடகைக்கு வந்ததா, என்கிட்ட படிச்சதான்னு உங்களுக்கே தெரியும்."

இன்ஸ்பெக்டர் பொன்னியை எழுப்பினார். கையிலிருந்த பத்திரிகையை நீட்டினார். பாடப் புத்தகம் கூட இல்லை! பொன்னி விரலை வைத்து எழுத்தெழுத்தாகக் கூட்டிப் படித்தாள். யுத்தச் செய்தி. ருஷ்யாவில் ஏதோ ஊர்ப் பெயர் வந்ததும் நின்றுவிட்டாள்.

"இந்த ஊரு வாயில நொழையலீங்க."

"எனக்கும்தான் நுழையவில்லை. மேலே படி" என்றார். குரல் மாறியிருந்தது.

அடுத்து வாசலோரம் இருந்த ஒரு பையனுக்குக் கணக்கு. அடுத்து இடுப்பில் தம்பியோடு நின்ற ஒரு பெண்ணுக்கு ஏழாம் வாய்ப்பாடு. சொன்னாள், தம்பியின் முதுகில் தட்டித் தாளம் போட்டுக்கொண்டே. இன்னொருவன். இன்னொருத்தி. கேட்டுக்கொண்டே போனார். தப்பு இல்லாமல் இல்லை. ஆனால் தெரியாத பிள்ளை ஒன்றுகூட இல்லை.

"இத்தனை பேருக்கும் நீங்கள் ஒருவரே சொல்லிக்கொடுத்தீர்களா, அம்மா?"

"மொறை வெச்சு வந்துதுங்க. நானும் மொறை வெச்சு சொல்லிக்கொடுத்தேன்."

இன்ஸ்பெக்டர் என் நாற்காலியில் உட்கார்ந்தார். அன்று தொப்பியைக் கழற்றியது அப்போதுதான். "எல்லாப் பேரையும் எழுதுங்கள். காலை, மாலை என்று இரண்டு முறை வைத்துக்கொள்ளுங்கள், சண்டைக் காலம், நான் மேலே சொல்லிக்கொள்கிறேன். நியாயப்படி இங்கே மூன்று ஆசிரியர் வேண்டும். ஆளுக்குத்தான் எங்கே போவேன்?"

இரண்டாவது இடம் தப்பியது. வெளியே மாரப்பன், "ஒடைப்பு நின்னுதுங்களா?" என்று கேட்டார். நின்றது என்றேன். மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு ஊர் கலைந்தது.

நான் அந்த அம்மாளைக் கையெடுத்துக் கும்பிட்டேன். அவர் பார்க்கவில்லை, அழுத குழந்தைக்குத் தூளி ஆட்டிக்கொண்டிருந்தார்.

18-2-43, வியாழன்

நேற்று எழுதாமல் விட்டது. வேண்டுமென்றேதான்.

புறப்படும்போது இன்ஸ்பெக்டர் பையிலிருந்து என் மனுவை எடுத்தார். "தருமபுரியில் ஓர் இடம் இருக்கிறது. கேட்டிருக்கிறீர்கள். கொடுக்கலாம். ஆனால் உங்களுக்குப் பதிலாக இங்கே வர எவனும் ஒப்பமாட்டான். என்ன சொல்கிறீர்கள்?"

த.ஆ. பக்கத்திலேயே நின்றார். அவர்தான் பேசினார்.

"அனுப்பிடுங்க ஐயா. அவரு சம்சாரத்துக்குத் தலைச்சன். இந்த நேரத்துல பக்கத்துல இருக்கணும்."

"உங்களுக்கு இப்போது இரு மடங்கு பிள்ளைகள், இரண்டு வேளை. தனியாகவா?"

"எடம் இருந்தா ஆளு என்னிக்காவது வரும். எடமே போயிருந்தாத்தான் பயம். அது தப்பிச்சுதே."

என்ன பெண்மணி இவர்! எந்த இரண்டாவது ஆளுக்காக ஊரைக் கூட்டினாரோ, அந்த ஆளை ஒரே மூச்சில் விட்டுக்கொடுத்துவிட்டார். நான் வாயைத் திறக்கவில்லை. சரி என்றும் சொல்லவில்லை. ஆனால் பேசாமல் இருந்தால் சரி என்றுதானே அர்த்தம்.

24-2-43, புதன்

ஆர்டர் வந்துவிட்டது. திங்களன்று தருமபுரியில் சேர வேண்டும். கமலாவுக்குக் கார்டு போட்டேன்.

காலை முறை, மாலை முறை நடக்கிறது. முனியன் காலையில் முனியனாக வருகிறான், பொன்னி மத்தியானம் பொன்னியாக வருகிறாள். முதல் நாள் பேர் கூப்பிட்டபோது பொன்னிக்குத் தன் பேருக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை, பழக்கமில்லை. இரண்டாம் தடவை கூப்பிட்டதும் கத்தினாள், "உள்ளேனுங்க!" தூளியில் இருந்த குழந்தை விழித்துக்கொண்டது.

த.ஆ. குரல் கம்மிவிட்டது. ஊருக்கே கேட்ட குரல். சுக்குக் கஷாயம் குடிக்கிறார். "நாளானா சரியாப் போயிடும் சார்" என்கிறார்.

26-2-43, வெள்ளி

புறப்பட்டாயிற்று. வண்டியில் ஏற்றியவை: புளி ஒரு கூடை, நிலக்கடலை, சேவல் ஒன்று (கத்திக்கொண்டே), குழந்தைக்குக் கறுப்புக் கயிறு. ஒவ்வொரு வீட்டிலிருந்தும் வந்து வழியனுப்பினார்கள். "அம்மணிக்கு நல்லபடியாப் பொறக்கட்டுங்க" என்று மாரப்பன். ஒருவராவது திட்டியிருந்தால் மனசு ஆறியிருக்கும். ஒருவரும் திட்டவில்லை.

த.ஆ. வகுப்பை விட்டு வரவில்லை. வர முடியாது, ஆள் ஏது? ஜன்னல் வழியாகக் கையை மட்டும் காட்டினார்.

27-2-43, சனி

தருமபுரி. கமலா நன்றாக இருக்கிறாள், வயிறு பெரிதாக, முகம் மினுமினுவென்று. சேவலைப் பார்த்துச் சிரிப்பு. அரிசிச் சோறு. கண்ணில் நீர் வந்தது எனக்கு, ரசத்துக்குத்தான்.

சாயங்காலம் புதுப் பள்ளிக்கூடத்தை எட்டிப் பார்த்தேன், இங்கே சனியும் வேலை நாள்தான். ஐந்து வகுப்பு, ஏழு ஆசிரியர். வகுப்பில்லாத இருவர் பின்னறையில் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார்கள். கிராமத்துக்குப் போக மாட்டேன் என்று மல்லுக்கட்டினவர்களெல்லாம் இங்கேதான். பெரிய வாத்தியார் அன்பாகச் சொன்னார்: "அவசரமே இல்லை சார். சும்மா வந்து உட்காருங்கள். ஏதாவது ஒரு வகுப்பு பார்த்துத் தருகிறேன்."

28-2-43, ஞாயிறு

புழுக்கம். சேவல் காலையில் கொலையுண்டது. மாமியார் நன்றாகத்தான் சமைத்தார்.

கமலாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன், தூளி, கூழ், முனியன், மண்வெட்டி எல்லாம். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். ஜன்னலில் கை காட்டியதைச் சொன்னதும் சிரிப்பு நின்றுவிட்டது.

"அந்தம்மா இப்போ ஒத்தை ஆளா?"

"ஆமா."

விரலை மடக்க ஆரம்பித்தாள். "இங்க எனக்கு அம்மா இருக்காங்க. அக்கா இருக்கா. பக்கத்து வூட்டு மருத்துவச்சி இருக்காங்க. ஆஸ்பத்திரி ரெண்டு தெரு தள்ளி. பிரசவ நேரத்துல உங்கள உள்ளயே விடப் போறதில்ல, வெளிய நின்னு கையப் பெசையத்தானே போறீங்க? நீங்க இங்க எத்தனாவது ஆளுங்க?"

"கமலா..."

"போங்க. பொறந்ததும் சொல்லி அனுப்பறேன், ஓடி வந்து பாத்துட்டுப் போங்க. அஞ்சாம் மாசம் நானும் புள்ளையும் அங்க வந்துடறோம்."

சொல்லிவிட்டு அழுதாள். போக வேண்டாம் என்று அழவில்லை. அது எனக்குத் தெரியும், இருந்தாலும் கேட்டேன். "எட்டு மாசமானா எதுக்கும் அழுகை வரும், உங்க வேலையப் பாருங்க" என்றாள்.

இரண்டு பெண்கள் எனக்காகப் பேசிவிட்டார்கள். இருவரும் தங்களுக்கென்று எதுவும் கேட்கவில்லை.

1-3-43, திங்கள்

இன்ஸ்பெக்டர் ஆபீஸ். ஆர்டரைத் திருப்பிக் கொடுத்தேன். ஏற இறங்கப் பார்த்தார். "மை கூடக் காயவில்லையே ஐயா." காரணம் கேட்டார். என்ன சொல்வது? "அங்கே வேலை இருக்குங்க" என்றேன். அதற்கு மேல் வரவில்லை. கிழித்துப் போட்டார். எழுந்து நின்று கை கொடுத்தார்.

2-3-43, செவ்வாய்

கரிவாயு பஸ். தள்ளினோம். கம்பைநல்லூரில் வண்டி இல்லை, நடை. நல்ல வெயில்.

பள்ளிக்கூடத்தை நெருங்கும்போது குரல் கேட்குமென்று காது வைத்துக்கொண்டே வந்தேன். கேட்கவில்லை. உள்ளே போனால் கூடம் நிறையப் பிள்ளைகள். த.ஆ.வுக்குக் குரல் சுத்தமாகப் போய்விட்டிருந்தது. கையைத் தட்டித் தட்டி, விரலால் காட்டிக் காட்டி நடத்திக்கொண்டிருந்தார். பிள்ளைகளும் சத்தமே இல்லாமல் அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

என்னைப் பார்த்ததும் கிசுகிசுவென்று, "என்ன சார், எதையாச்சும் மறந்துட்டுப் போயிட்டீங்களா?"

"இல்லீங்க. வேலைக்கு வந்துட்டேன்."

"சம்சாரம்?"

"அவதான் அனுப்பினா."

முகத்தைத் திருப்பிக்கொண்டு கரும்பலகை பக்கம் போனார். சுண்ணாம்புக்கட்டியை எடுத்தார். எழுதவில்லை. தோள் குலுங்கிற்று. பிள்ளைகளுக்குப் புரியவில்லை. பொன்னிதான் ஒரு குவளை தண்ணீர் கொண்டுபோய்ப் பக்கத்தில் வைத்தாள்.

நான் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு நடுவில் போய் நின்றேன். கை தட்டினேன்.

"மூணாம் வகுப்பு, உரக்க!"